சுறா கேட்க வேண்டிய கேள்வி

அந்தமானில் அலையாத்திக் காட்டோரக் கடலில், முகக் கண்ணாடியும் மூச்சுக்குழாயும் அணிந்து நீந்துவதாக உத்தேசம். சுறா எதிர்ப்பட்டால் என்ன செய்வது?
— ஒரு வாசகர், சிவாஜிநகர், பெங்களூரு

ரஸ்ஸல் மார்க்கெட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் குடியிருந்துகொண்டு, பனிக்கட்டிமேல் கிடக்கும் பால் சுறாவை வயிற்றை அழுத்திப் பார்த்துப் பேரம் பேசி வாங்கி, வேகவைத்துத் தோலுரித்து உதிர்த்து, பூண்டும் மிளகும் சேர்த்துப் புட்டாக்கிப் பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியமாகப் பரிமாறும் வம்சத்தில் உதித்த தாங்கள் எதிர்ப்பட்டால் தான் என்ன செய்வது என்று அந்தச் சுறா அல்லவா கேட்க வேண்டும்? சுறாவால் மாளும் மனிதர், உலகம் முழுவதிலும் ஆண்டுக்குச் சராசரியாகப் பத்துக்கும் குறைவு; மனிதனால் மாளும் சுறாக்களோ சுமார் 10 கோடி என்பது 2013-ல் வெளியான மதிப்பீடு. அலையாத்தி வேர்களிடையே தாங்கள் காணக்கூடியதும், பெரிய மீன்களுக்கு அஞ்சி அங்கே ஒதுங்கியிருக்கும் முழங்கை நீளக் குட்டியாகவே பெரும்பாலும் இருக்கும்.

முதலையைப் பற்றி மாத்திரம் உள்ளூரில் விசாரித்துக்கொண்டு இறங்குங்கள். 2010-ல் ஹேவ்லாக் தீவின் ராதாநகர் கடற்கரையருகே இவ்வாறே நீந்திய அமெரிக்கப் பெண்மணியைக் கொன்றது உவர்நீர் முதலை.