குட்டியானை முதுகில் ஒரு வீடு

சிங்கப்பூரிலிருந்து லீவில் வருகிறவர்கள் முன்பெல்லாம் கோடாலித் தைலமும் சாக்லெட்டும் கொண்டு வருவார்கள். இப்போது யோசனை கொண்டு வருகிறார்கள். என் மச்சினன் போன தடவை கொண்டு வந்த யோசனை இது: என் அரிசிக் கடைக் குட்டியானை வண்டியின் முதுகில் ஒரு வீட்டைத் தூக்கி வைப்பது, பின்னால் ஒரு ஃபைபர் படகைக் கட்டி இழுப்பது, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல் என்று கடலோரமாகவே தங்கித் தங்கி மீன் பிடிப்பது. அமெரிக்காவில் இப்படித்தான் செய்கிறார்களாம். ராத்திரி முழுக்க வீடியோ பார்த்திருக்கிறான்.

"டிரக் கேம்பர்னு பேரு மச்சான். வேணும்னா வண்டியில ஏத்திக்கலாம், வேணாம்னா நாலு மூலைக்கும் ஜாக்கி வச்சு எறக்கிடலாம். உள்ளயே கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் இருக்கு."

"கக்கூஸா? அரிசி ஏத்துற வண்டியிலயா?" என்று அடுப்படியிலிருந்து கேள்வி வந்தது. திட்டத்துக்கு எதிரான முதல் வாக்கு அப்போதே விழுந்துவிட்டது. நான்தான் மாப்பிள்ளையின் மனம் கோணக்கூடாதே என்று கணக்குப் போட உட்கார்ந்தேன்.

என் தொழில் அரிசி. எதைப் பார்த்தாலும் மூட்டைக் கணக்கில்தான் புத்தி போகும். 25 கிலோ வரையிலான பைக்கு 2022 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததிலிருந்து எங்கள் மூட்டை 26 கிலோ ஆகிவிட்டது. என் வண்டி பழைய டாடா ஏஸ். 2005-ல் அறிமுகமான ரகம்; இரண்டே சிலிண்டர், 16 குதிரைத்திறன். கம்பெனி சொன்ன பாரம் 750 கிலோ. ஆக, 28 மூட்டை. இருபத்தொன்பதாவதை ஏற்றினால் நாலு கிலோ சட்டமீறல். நாற்பது மூட்டையோடு முனகிக்கொண்டு மேடேறும் வண்டிகளையும் நான் பார்த்திருக்கிறேன். அதெல்லாம் அந்த வண்டிக்காரருக்கும் சாமிக்கும் உள்ள கணக்கு.

மச்சினன் காட்டிய வீடியோக்களில் அடிக்கடி வந்தது டொயோட்டா டகோமா. 2023 வரை வந்த ரகம்; ஆறு சிலிண்டர், 278 குதிரைத்திறன். பார்த்தாலே மரியாதை வருகிறது. ஆனால் அதன் கதவோர ஸ்டிக்கரைப் படித்தால், ஆளும் சாமானும் சேர்த்து ஏற்றக்கூடியது பல மாடல்களில் 500 கிலோவைச் சுற்றித்தான் இருக்கிறது. நம் வண்டியைவிட ஒன்பது பத்து மூட்டை குறைச்சல்! இதைச் சொன்னதும் மாப்பிள்ளையின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப நம்ம வண்டிதான் பெஸ்ட்டு!" என்றான். டகோமா இரண்டரை டன்னுக்கு மேல் இழுக்கும், நம் வண்டி தன்னைத்தானே இழுத்துக்கொண்டு போவதே பெரிய காரியம் என்பதை அப்புறம் சொன்னேன்.

இந்தப் பெட்டி வீடுகளில் கெட்டிச் சுவர் வைத்த பெரிய ரகம் காலியாகவே ஒரு டன்னைத் தொடும். அதை விட்டுவிடலாம். லேசான வண்டிக்கென்றே ஒரு ரகம் இருக்கிறது: ஓடும்போது கூரை படுத்துக்கொள்ளும், நின்றதும் மேலே தூக்கிவிட்டால் சுற்றிலும் துணிச் சுவர் எழும்பும். அது 400 கிலோவை ஒட்டி வரும். 750-ல் 400 போனால் மிச்சம் 350.

இனி படகு. படகு தன் சக்கரத்தில்தானே வருகிறது, அது எப்படி நம் பாரமாகும் என்று மாப்பிள்ளை கேட்டான். நல்ல கேள்வி. இழுவண்டியின் மூக்கு நம் கொக்கியின் மேல் உட்கார்ந்திருக்கிறது. மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் அந்த மூக்கில் இறங்க வேண்டும் என்பது கணக்கு. குறைந்தால் பின்வண்டி வாலாட்டும். படகும் இழுவண்டியும் சேர்ந்து 600 கிலோ என்று வைத்தால் 60 முதல் 90 கிலோ நம் வண்டி மேல்தான். அதுவும் கடைசி முனையில்.

மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கும், பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை நெரிக்கும். மோட்டார் வண்டியில் மாட்டுக்குப் பதில் முன்சக்கரம்; அது தரையில் அழுந்தாது, ஸ்டியரிங் லேசாகிவிடும். இதில் இன்னொரு வில்லங்கம்: வீடு தொட்டியைவிட நீளமாக இருந்தால் பின்னால் துருத்திக்கொண்டு நிற்கும். படகு அதில் இடிக்காமலிருக்கக் கொக்கியையும் பின்னால் நீட்ட வேண்டும். நீட்ட நீட்ட நெம்புகோல் வேலை ஆரம்பித்துவிடும். அமெரிக்காக்காரர்களே படகு இழுக்கிற சின்ன வண்டிக்குத் தொட்டியைத் தாண்டாத வீடாகப் பார் என்கிறார்கள். என் வண்டித் தொட்டி ஏழடி நீளம். அதில் கட்டில் போட்டால் அடுப்பு இல்லை, அடுப்பு வைத்தால் கட்டில் இல்லை. கக்கூஸ் விவகாரம் ஏற்கெனவே தள்ளுபடி.

350-ல் அந்த 90-ம் போக மிச்சமிருந்த 260 கிலோவில்தான் ஆட்கள், தண்ணீர், சட்டி பானை எல்லாம் அடங்க வேண்டும். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. வீட்டு கேஸ் சிலிண்டர் நிறைந்திருந்தால் 30 கிலோ பக்கம். "நாலஞ்சு பேர் ஏறினாலே முடிஞ்சு போச்சுப்பா" என்றேன். மாப்பிள்ளை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அம்மா எவ்வளவு இருப்பாங்க?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டான். "அதை நீதான் கேக்கணும்" என்றேன். இன்று வரை அந்த எண் கிடைக்கவில்லை.

அவன் அம்மா, அதாவது என் அத்தை, தன் எடையைச் சொல்லாவிட்டாலும் சாமான் பட்டியலைத் தாராளமாகச் சொன்னார். குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனாருக்கு மாசி மகத்தன்று போகும்போது என்னென்ன எடுக்கிறோமோ அத்தனையும் வேண்டும் என்றார். அங்கே முப்பதடிக்கு மேல் உயரமான குதிரை நிற்கிறது. அதன் கழுத்துக்குப் போடுகிற காகிதப்பூ மாலைகள் ஆளைவிடப் பல மடங்கு நீளமானவை. வண்டி வண்டியாக வரும். ஆனால் வண்டியை அழுத்துவது மாலை இல்லை. பித்தளை அண்டா, இட்லிக் கொப்பரை, விறகு, ஜமுக்காளக் கட்டு, தார்ப்பாய், 'எதுக்கும் இருக்கட்டும்' என்று எடுத்து வைக்கிற இன்னொரு அண்டா. இந்த இரண்டாவது அண்டாவுக்கு அமெரிக்கக் கணக்கில் இடமே இல்லை.

படகு விலை விசாரிக்க மணமேல்குடிப் பக்கம் போனோம். வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், கையில் ஊசியும் வாயில் வெற்றிலையுமாக, முழுக் கதையையும் பொறுமையாகக் கேட்டார். "படகு கடல்லதானே கெடக்கப் போவுது. அத எதுக்குத் தம்பி ஊருக்கும் கடலுக்கும் இழுக்குறீங்க?" என்றார். மாப்பிள்ளையிடம் பதில் இல்லை. எங்கள் கரையில் படகு ரோட்டுக்கு வருவதென்றால் லாரி மேல் ஏறித்தான் வரும். முகப்பு கேபினுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும், பின்முனையில் சிவப்புத் துணி ஆடும். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோதும், 2018 ஆகஸ்டில் கேரளம் மூழ்கியபோதும் மீனவர்கள் அப்படித்தான் படகுகளை லாரியில் ஏற்றிப் போய், மொட்டை மாடிகளில் நின்றவர்களை இறக்கினார்கள். படகு ரோட்டில் போனதற்கு அதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

பெரியவர் இன்னொன்றும் சொன்னார்: பொழுதுபோக்காகத் தூண்டில் போடப் போகிறவர்கள் திசை பார்த்துப் போக வேண்டும், இலங்கையோடு 1974-ல் போட்ட எல்லைக்கோடு தண்ணீர் மேல் தெரியாது. அதை அவர் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

சட்டத்தையும் பார்த்துவிடலாமே என்று ஒரு வக்கீல் நண்பரைக் கேட்டேன். அவர் சந்தோஷமாகிவிட்டார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி ஆர்.சி.யில் உள்ள வண்டியின் அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை உள்ளே. தொட்டியில் ஆள் உட்கார்ந்து விபத்தானால் இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது. "வீட்டை வச்சு, அதுக்குள்ள மாமியாரையும் வச்சு ஓட்டினா ரெண்டு கேஸ்" என்றார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தின் கடற்கரையே சுமார் 40 கிலோமீட்டர்தான். எங்கே வண்டியை நிறுத்தினாலும் கூப்பிடு தூரத்தில் ஒரு சித்தப்பா வீடு இருக்கிறது. அவர் வீட்டு வாசலில் வண்டிக்குள் படுத்துத் தூங்கிவிட்டு வந்தால் அடுத்த கல்யாணத்துக்குப் பத்திரிகை வராது.

வண்டியில் தங்குவது நமக்குத் தெரியாத வித்தையா என்ன? கந்தர்வகோட்டைப் பக்கம் தச்சங்குறிச்சியில் ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு நடக்கும்போது போய்ப் பாருங்கள். ராத்திரியே வரிசையாகக் குட்டியானைகள் நிற்கும். தொட்டியில் வைக்கோல் பரப்பி, பக்கவாட்டில் மூங்கில் கட்டி, நடுவில் காளை. பனிக்குத் தார்ப்பாய். காளைக்குத் தனி வாளி, தனி ஜமுக்காளம். கூட வந்த பையன்கள் வண்டிக்கு அடியில், இரண்டு சக்கரத்துக்கு நடுவே சாக்கை விரித்துத் தூங்குவார்கள். மேல்தளம் மாட்டுக்கு, கீழ்தளம் மனிதனுக்கு. கூரை தூக்கும் எந்திரமும் வேண்டாம், ஜாக்கியும் வேண்டாம்.

மாப்பிள்ளை லீவு முடிந்து போய்விட்டான். அடுத்த வருஷம் பெரிய வண்டியாகப் பார்ப்போம் என்று மெசேஜ் அனுப்பியிருக்கிறான். அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். வீட்டையும் படகையும் பார்க்கிறதுக்கு முன்னால் ஆர்.சி.யை எடுத்து மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழியுங்கள். வருகிற எண்ணிலிருந்து முதலில் இரண்டாவது அண்டாவைக் கழித்துவிடுங்கள். மிச்சம் ஏதாவது இருந்தால் படகைப் பற்றிப் பேசலாம்.