சாலையோர நீர்வழியில் சைக்கிளோட்டியின் பாத்தியதை

பெறுநர்: சென்னை நகரின் சாலைகளையும் மழைநீர் வடிகால்களையும் பேணும் பொறுப்பிலுள்ள பொறியாளர் பெருமக்கள்.

பொருள்: வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சைக்கிளோட்டியை வாகனமாகக் கருதுவதா, வெள்ளமாகக் கருதுவதா எனத் தெளிவுபடுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரியீர்,

சாலை நடுவில் சற்றே உயர்ந்தும் இரு ஓரங்களில் தாழ்ந்தும் அமைய வேண்டும் என்பது சாலைப் பொறியியலின் பாலபாடம். குறுக்குச் சரிவு எனப்படும் இவ்வமைப்பு, மழை மிகுந்த பகுதிகளின் தார்ச்சாலைகளுக்கு 2 முதல் 2.5 விழுக்காடு வரை பரிந்துரைக்கப்படுகிறது. அதாவது 7 மீட்டர் அகலமுள்ள சாலையில் ஓரமானது நடுப்பகுதியைவிட 7 முதல் 9 செ.மீ. வரை தாழ்ந்திருக்க, விழும் நீரெல்லாம் அத்தாழ்வை நாடி ஓடும். மெதுவாகச் செல்லும் வண்டிகள் இடது ஓரமாகவே செல்ல வேண்டும் என்பது அதே சாலையின் மற்றொரு ஒழுங்கு. அதை நினைவூட்டும் கடமையைப் பின்னால் வரும் பேருந்தின் ஹாரன் இடைவிடாது ஆற்றிவருகிறது. நீரை ஓரத்துக்கு அனுப்பும் விதியும் சைக்கிளோட்டியை ஓரத்துக்கு அனுப்பும் விதியும் தனித்தனியே குற்றமற்றவை. இரண்டும் ஒரே இடத்தில் போய்ச் சேர்வதை மட்டும் எந்தக் கோப்பும் குறித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஆண்டுக்கு ஏறத்தாழ 1400 மி.மீ. மழை பெறும் இந்நகரில் அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்ந்துவிடுவதால், மேற்படிச் சந்திப்பு ஆண்டில் மூன்று மாதங்கள் தவறாமல் நடைபெறுகிறது. ஓரத்தை அடைந்த நீர் வடிகாலுக்குள் இறங்கிவிட்டால் சிக்கல் ஏதுமில்லை. ஆயின், பழைய தார்ப்படிவத்தைச் சுரண்டி எடுக்காமல் அதன்மீதே புதுப்படிவம் போட்டுப் போட்டு உயர்ந்த சாலைகளில், நீர் இறங்க வேண்டிய வாய் பாதி தாருக்குள்ளும் மீதி பாலிதீன் பைகளுக்குள்ளும் புதைந்து கிடக்க, நீர் போக வழியின்றிச் சைக்கிளோட்டியோடு துணைக்கு நிற்கிறது. அத்தேக்கத்தின் அடியில் பள்ளம் உண்டா, உண்டெனில் எவ்வளவு என்பதை அறியும் கருவி முன்சக்கரம் ஒன்றே. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்ற மூதுரை சக்கரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாதது அவருடைய நற்பேறு.

நனைந்த சைக்கிளின் இயல்பையும் இங்கே எடுத்துரைத்தல் தகும். கம்பி பிரேக் பூட்டிய பழைய வகைச் சைக்கிளில் ரப்பர்க் கட்டை, குரோமியம் பூசிய எஃகு ரிம்மை, அதாவது சக்கரத்தின் வளையத்தை, அழுத்துவதால் வண்டி நிற்கிறது. இரண்டுக்கும் இடையே நீர்ப்படலம் புகுந்துவிட்டால் சக்கரத்தின் முதற் சில சுற்றுகள் அந்நீரைத் துடைப்பதிலேயே கழியும். ஒரு சுற்றுக்கு 2 மீட்டருக்குச் சற்று மேல் வண்டி ஓடுமாகையால், பிரேக் பிடிக்க முடிவெடுத்த இடத்துக்கும் பிரேக் பிடிக்கத் தொடங்கும் இடத்துக்கும் நடுவே ஓர் ஆட்டோ தாராளமாகக் குறுக்கே திரும்பிவிடலாம், திரும்பவும் செய்கிறது. டயரின் பக்கவாட்டில் உராய்ந்து சுழலும் டைனமோவின் நிலையும் இதுவே: டயர் நனைந்ததும் அதன் தலை வழுக்கிச் சுழல மறுக்க, மழையிருட்டில் வெளிச்சம் தேவைப்படும் வேளை பார்த்து விளக்கு மங்கிவிடும். கண்ணாடிச் சில்லுகளையும் ஆணிகளையும் மழைநீர் அரித்துக்கொண்டுவந்து சேர்ப்பதும் அதே ஓரத்தில்தான். ஈர ரப்பரை அவை எளிதாகக் கிழிக்கும், ஈர டியூபிலோ பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் பிடிக்காது. தார்ப்பாய்க்கு அடியில் அமர்ந்திருக்கும் பஞ்சர் கடைக்காரர் டியூபை வேட்டி முனையால் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடியும் துடைத்துவிட்டு வானத்தை ஒருமுறை பார்ப்பதற்கு இதுவே காரணம்.

ஓர் ஆபத்திலிருந்து மட்டும் இயற்பியல் சைக்கிளோட்டிக்கு விலக்களித்துள்ளது. வேகமாகச் செல்லும் காரின் டயர் தரையைத் தொடாமல் நீர்ப்படலத்தின்மேல் மிதப்பதை நீர்மிதப்பு என்பர். சைக்கிள் டயர் குறுகலாகவும் காற்றழுத்தம் மிகுந்தும் இருப்பதால், அவ்வாறு மிதக்க வேண்டுமெனில் அது மணிக்கு 100 கி.மீ.க்கு மேல் ஓடியாக வேண்டும். எனவே அவர் வழுக்கி விழுந்தால் பழியை மழைமேல் போட இயலாது. மேன்ஹோல் மூடி, தோண்டிய பள்ளத்தின்மேல் பரப்பிய இரும்புத் தகடு, வரிக்குதிரைக் கோட்டின் பளபளப்பான வெள்ளைப் பூச்சு ஆகியவற்றில் ஒன்றே காரணமாக இருக்கும். மூன்றும் அரசுச் செலவில் இடப்பட்டவை.

இத்தனைக்குப் பிறகும் மழையில் சைக்கிளை வெளியே எடுப்பவர்கள் குறைந்தபாடில்லை என்பதைத் தாங்கள் வறுமையின் அடையாளமாக மட்டும் கருதிவிடலாகாது. சென்னையில் வியர்க்காமல் பெடல் மிதிக்கக் கிடைக்கும் காலம் இது ஒன்றே; ரெயின்கோட் அணிந்தவர் மட்டும் உள்ளே வியர்வையிலும் வெளியே மழையிலும் நனைவார், ஆகவே அனுபவசாலிகள் அதைச் சீட்டின்மேல் போர்த்திவிட்டுத் தாம் நனைகின்றனர். மேலும், சுரங்கப்பாதையில் நீர் ஏறிச் சைலன்ஸருக்குள் புகுந்து விலையுயர்ந்த வண்டிகள் வரிசையாக நின்றுபோகும்போது, எஞ்சினே இல்லாத காரணத்தால் நின்றுபோக வழியற்ற ஒரே வாகனம் அவற்றைக் கடந்து செல்கிறது. அவ்வேளையில் மணியடிக்க வேண்டிய அவசியம் எதுவுமில்லை, இருந்தும் அடிக்கப்படுகிறது. இவ்வெற்றி முழுமையானதன்று. கீழிறங்கும் பெடல் தரையிலிருந்து ஏறத்தாழ 10 செ.மீ. உயரம்வரை வருமாதலால், அதற்கு மேற்பட்ட ஆழத்தில் ஒவ்வொரு மிதிக்கும் ஒரு கால் முங்கி எழும். முங்கிய காலின் ஹவாய் செருப்பு எழும்போது இல்லாதிருத்தலும், சற்றுத் தொலைவில் தனியே நீந்திச் செல்லுதலும் உண்டு. சக்கர அச்சுக்குள் நீர் புகுந்து கிரீஸைக் கெடுத்துவிட்டால், எல்லாவற்றையும் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவிக் குண்டுகளுக்குப் புது கிரீஸ் வைக்கும், கடைமொழியில் ‘ஓவராயில்’ எனப்படும் வேலைக்குப் பொங்கலுக்கு முன்பாகவே செலவழிக்க நேரும்.

எனவே கோரப்படுவது: சைக்கிளோட்டி வாகனமெனில், சாலையின் நீர் தேங்காத பகுதியில் அவருக்கும் சிறிது இடம் குறித்துத் தரலாம், வெள்ளத்தின் ஒரு பகுதியெனில், அவரை முறைப்படி மீன்வளத் துறைக்கு மாற்றி, அங்கு வழங்கப்படும் மழைக்கால நிவாரணத்துக்குத் தகுதியுடையவராக்கலாம். எம்முடிவு எடுப்பினும் கோப்பு நகரக் காலமாகும் என்பதால், இடைக்கால ஏற்பாடாக ஒன்றைச் செய்யலாம். வடிகால் வாய்மீது இடப்பட்ட இரும்புச் சட்டமூடிகள் சிலவற்றில் கம்பிகள் சாலை போகும் திசையிலேயே நீண்டு கிடக்கின்றன. அவற்றின் இடைவெளி ரேஸ் சைக்கிளின் 25 மி.மீ. டயருக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் உள்ளது. கம்பிகள் குறுக்காக அமைந்தால் சக்கரம் இறங்காது, நீர் மட்டும் இறங்கும். மூடி சதுரமெனில் கழற்றித் திருப்பி வைத்தாலே போதும்; அதற்கு ஒப்பந்தப்புள்ளி வேண்டியதில்லை, ஒரு கடப்பாரையும் இரண்டு ஆட்களும் போதும். செவ்வகமெனில் புது மதிப்பீடு தயாரித்துக்கொள்ளலாம்.