பாராலிம்பிக் கேள்விகள், பட்டென்று பதில்கள்

பாரிஸ் 2024-ல் ஒலிம்பிக்ஸில் நமக்கு 6 பதக்கம், பாராலிம்பிக்ஸில் 29. அப்போ இவங்கதானே பெரிய வீரர்கள்?
– டீக்கடை நண்பர்கள், தேனி

டீ ஆறுவதற்குள் ஒரு கணக்கு. அங்கே மொத்தம் 329 தங்கம், இங்கே 549. ஒரே 100 மீட்டர் ஓட்டம், குறைபாட்டின் வகையையும் அளவையும் பொறுத்துப் பல பிரிவுகளாக நடக்கும். இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் இரு தரப்புக்கும் அநியாயம். ஒப்பிட்டே தீருவேன் என்றால் நம்மை நம்மோடு ஒப்பிடுங்கள். 1968-ல் டெல் அவிவுக்கு முதன்முதலாகப் போனதிலிருந்து 2016 ரியோ வரை நாம் வாங்கியது மொத்தமே 12. அடுத்து டோக்கியோவில் மட்டும் 19, பாரிஸில் 29. வாயைப் பிளக்க வேண்டிய இடம் இதுதான்.

ஏன் இந்தத் திடீர் பாய்ச்சல்? தன்னம்பிக்கை கூடிவிட்டதா?
– போட்டித் தேர்வு மாணவர், மதுரை

தன்னம்பிக்கை 1968-லும் இருந்தது. காசுதான் இல்லை. 2008 பெய்ஜிங்குக்கு நாம் அனுப்பியது 5 பேர், பதக்கம் பூஜ்யம். ரியோவுக்கு 19, டோக்கியோவுக்கு 54, பாரிஸுக்கு 84 பேர். 2014-ல் மத்திய அரசு தொடங்கிய 'டாப்ஸ்' திட்டத்தில் பாரா வீரர்களும் சேர்க்கப்பட்டார்கள். கைச்செலவுக்கு மாதம் 50,000 ரூபாய், வெளிநாட்டுப் பயிற்சி, பிசியோ என்று ஒரு விளையாட்டு வீரருக்குத் தேவையான சாதாரண விஷயங்கள் கிடைத்தன. பதக்கமும் வந்தது. மேடைப் பேச்சாளர்கள் இதை 'மனவலிமையின் வெற்றி' என்பார்கள். பட்ஜெட்டின் வெற்றி என்று சொன்னால் கைதட்டல் விழாதே!

இந்தியாவுக்கு முதல் தனிநபர் தங்கம் வாங்கித் தந்தவர் அபினவ் பிந்த்ராதானே?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தென்காசி

ஒலிம்பிக்ஸ் என்றால் சரி, 2008. பாராலிம்பிக்ஸையும் சேர்த்தால் தப்பு, சார்! அதற்கு 36 வருடம் முன்பே, 1972-ல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில், முரளிகாந்த் பேட்கர் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீச்சலை 37.33 வினாடியில் முடித்தார். தங்கம், கூடவே உலக சாதனை.

மனிதர் அடிப்படையில் நீச்சல்காரரே இல்லை. ராணுவத்தில் குத்துச்சண்டை வீரர். 1965 போரில் குண்டு பாய்ந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. சிகிச்சைக்காகத் தண்ணீரில் இறங்கியவர், பிறகு போட்டிக்காகவும் இறங்கினார். டெல் அவிவுக்குப் போனது டேபிள் டென்னிஸ் ஆட! பத்மஸ்ரீ கிடைத்தது 2018-ல். வாழ்நாள் சாதனைக்கான அர்ஜுனா விருது 2025 ஜனவரியில். 50 மீட்டரை 37 வினாடியில் கடந்தவரிடம் வந்து சேர, பத்மஸ்ரீக்கு 46 வருடம் பிடித்தது.

அவர் வென்ற சூட்டோடு சூடாக நாம் என்ன செய்தோம் தெரியுமா? 1976-லும் 1980-லும் பாராலிம்பிக்ஸுக்கு ஆளே அனுப்பவில்லை.

மாரியப்பன் கதையைப் படித்தாலே கண்ணீர் வருகிறது...
– இல்லத்தரசி, சேலம்

உங்கள் மாவட்டத்துக்காரர், உரிமையோடு அழுங்கள். துடைத்துக்கொண்டு இந்த எண்களையும் பாருங்கள்: உயரம் தாண்டுதலில், ரியோவில் 1.89 மீட்டர், தங்கம். டோக்கியோவில் 1.86, வெள்ளி. பாரிஸில் 1.85, வெண்கலம். மூன்று பாராலிம்பிக்ஸில் தொடர்ந்து பதக்கம் வாங்கிய முதல் இந்தியர் பெரியவடகம்பட்டிக்காரர்தான்.

டோக்கியோவில் நல்ல மழை. பாதித்த காலில் போட்டிருந்த சாக்ஸ் நனைந்துபோய், 1.80-க்கு மேல் தாண்டவே சிரமமாக இருந்தது என்றார் அவர். தங்கம் வென்ற அமெரிக்கர் சாம் க்ரூ தாண்டியது 1.88. இரண்டு சென்டிமீட்டர், ஒரு ஈர சாக்ஸ்! இவரிடம் மைக் நீட்டுகிறவர்களோ, அஞ்சு வயதில் நடந்த பஸ் விபத்தை விட்டு இன்னும் நகரவில்லை.

'கிளப் த்ரோ' என்கிறார்களே, அது என்ன வஸ்து?
– கல்லூரி மாணவி, திருச்சி

கர்லாக்கட்டையின் குட்டித் தம்பியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். 400 கிராமுக்குச் சற்றுக் குறைவான மரக்கட்டை. கைப்பிடி வலு குறைந்தவர்களுக்கான போட்டி என்பதால் ஈட்டி, குண்டுக்குப் பதிலாக இது. தரையோடு பிணைத்த நாற்காலியில் உடம்பை வார்போட்டுக் கட்டிக்கொண்டு எறிய வேண்டும். விரல்கள் மடங்காதவர்கள் பசை தடவித்தான் கட்டையைக் கையில் நிறுத்துகிறார்கள்.

பாரிஸில் சோனிபத்தைச் சேர்ந்த தரம்பிர் எறிந்த முதல் நான்கும் ஃபவுல். ஐந்தாவது 34.92 மீட்டர், தங்கம்! வெள்ளியும் நம்மவர் பிரணவ் சூர்மாவுக்கே. இதில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் கடைசி இடத்தில் வந்தவர்: அமித் சரோஹா. தரம்பிருக்கு இந்த எறிதலைக் கற்றுக்கொடுத்த குரு அவர். அன்று அதே போட்டியில் சிஷ்யனோடு மோதினார்.

இதில் ஏமாற்று உண்டா?
– சந்தேகப் பிராணி, ஈரோடு

மனிதர்கள் ஆடுகிற ஆட்டம்தானே, இல்லாமலா? 2000 சிட்னியில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான கூடைப்பந்தில் ஸ்பெயின் தங்கம் வாங்கியது. அணியிலிருந்த 12 பேரில் 10 பேருக்கு எந்தக் குறையும் இல்லை! அம்பலப்படுத்தியவர் அந்த அணியிலேயே ஆடிய ஒரு பத்திரிகையாளர். (நம்ம சாதி!) தங்கம் பறிபோனது. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அந்தப் பிரிவினருக்கே கதவு சாத்தப்பட்டு, 2012 லண்டனில்தான் மறுபடி திறந்தது. ஸ்பெயின்காரர்கள் செய்த வேலைக்கு உலகம் முழுக்க நிஜமான வீரர்கள் தண்டனை அனுபவித்தார்கள்.

நம் சங்கங்களாவது ஒழுங்கா?
– அதே பிராணி

2015-ல் சர்வதேச பாராலிம்பிக் கமிட்டி நம் பாராலிம்பிக் கமிட்டியைச் சஸ்பெண்ட் செய்தது. ரியோவுக்குச் சில மாதம் முன்புதான் தடை நீங்கியது. பதில் போதுமா?

காது கேளாதவர்களைப் பாராலிம்பிக்ஸில் பார்த்த ஞாபகமே இல்லையே?
– செவிலியர், புதுச்சேரி

அவர்களுக்கு டெஃப்லிம்பிக்ஸ் என்று தனி வீடு. 1924-லேயே பாரிஸில் தொடங்கியது. 1960-ல் ரோமில் பிறந்த பாராலிம்பிக்ஸுக்கு அக்கா. ஓட்டம் தொடங்கத் துப்பாக்கி வெடித்தால் பயனில்லை என்பதால் விளக்கு மின்னும். களத்தில் காதுக் கருவி மாட்டவும் தடை. 2022-ல் பிரேசிலில் நடந்த போட்டியில் மதுரைப் பெண் ஜெர்லின் அனிகா பேட்மின்டனில் 3 தங்கம் வாங்கி வந்தார். டிவியில் பார்த்தீர்களா? நானும் பார்க்கவில்லை. காட்டினால்தானே!

பேட்மின்டன் என்றதும் ஞாபகம்: பாரிஸில் தமிழ்ப் பெண்கள் கலக்கினார்களாமே?
– பேட்மின்டன் அப்பா, கோவை

துளசிமதி முருகேசன் வெள்ளி, மனிஷா ராமதாஸ் வெண்கலம், நித்யஸ்ரீ சிவன் வெண்கலம். மூவரும் தமிழ்நாடு. இதில் துளசிமதியும் மனிஷாவும் ஒரே பிரிவு. அரையிறுதியில் இருவரையும் மோதவிட்டது டிரா! ஜெயித்த துளசிமதி இறுதிக்குப் போனார். தோற்ற மனிஷா அடுத்த ஆட்டத்தில் வெண்கலத்தைத் தட்டினார்.

2028 லாஸ் ஏஞ்சலிஸில் எத்தனை பதக்கம் வரும்?
– ஆர்வக்கோளாறு, நாகர்கோவில்

ராசிபலன் பகுதி அடுத்த பக்கத்தில்.