பின்னோக்கி வரும் டெம்போ

ஒரு கட்டடத்துக்கு வரும் பொருள்களை வண்டியிலிருந்து இறக்குவதற்கென ஒதுக்கப்பட்டு, வேறெந்தப் பயன்பாட்டுக்கும் விட்டுக்கொடுக்கப்படாமல் இருக்க வேண்டிய இடமே சரக்கிறக்கும் தளம் எனப்படும். இந்திய தேசியக் கட்டட விதித்தொகுப்பு, வணிகக் கட்டடங்களுக்கு வண்டி நிறுத்துமிடம் தவிரச் சரக்கு ஏற்றி இறக்கவும் தனி இடம் காட்டச் சொல்வதால், வரைபடங்களில் அதற்கு ஒரு செவ்வகம் கிடைத்துவிடுகிறது. நாகர்கோவில் கோர்ட் ரோட்டிலோ கேப் ரோட்டிலோ எழும்பும் ஓர் அலுவலகக் கட்டடத்தில் அந்தச் செவ்வகம் காகிதத்திலிருந்து தரைக்கு வரும்போது, முதலாண்டில் ஜெனரேட்டரையும், இரண்டாம் ஆண்டில் மேல்மாடிக்காரர்களின் ஸ்கூட்டர்களையும், மூன்றாம் ஆண்டில் கால் ஒடிந்த நாற்காலிகளையும் ஏற்றுக்கொண்டு, நான்காம் ஆண்டில் ‘இங்கு வண்டி நிறுத்தாதீர்’ என்ற பலகையைப் பெறுகிறது. பலகை வைக்கப்பட்ட பின் அதன் நிழலில் நிறுத்துவதற்குப் போட்டி மிகுவது ஏன் என்பது தனி ஆய்வுக்குரியது.

இத்தளத்தின் இலக்கணத்தில் பரப்பைவிட உயரமே முதன்மையானது. லாரியின் தட்டு தரையிலிருந்து ஏறத்தாழ நான்கு அடி உயரத்தில் இருப்பதால், பெரிய கிடங்குகளில் தளத்தையும் அதே உயரத்துக்குக் கட்டிவிடுகிறார்கள்; அப்போது சுமை கீழே இறங்கி மறுபடியும் மேலே ஏற வேண்டியதில்லை, ஒரே மட்டத்தில் நகர்ந்தால் போதும், சுமப்பவரின் முதுகெலும்பும் அவருக்கு வயதாகும் வரை உடன் வரும். இந்த அறிவு கப்பலேறி வந்தது என்று நினைப்பவர்கள், நாஞ்சில் நாட்டின் பழைய வழிகளில் நின்ற சுமைதாங்கிகளைக் கவனிக்காதவர்கள்.

சுமைதாங்கி என்பது, இரண்டு நெடுங்கற்களை நட்டு, அவற்றின் மேல் ஒரு கல்லைக் கிடையாக வைத்து அமைப்பது. தலைச்சுமையோடு வருபவர், ‘கொஞ்சம் ஒரு கை பிடியுங்கள்’ என்று யாரையும் கேட்காமல், குனியாமல், சுமையைக் கல்லுக்கு மாற்றி, மூச்சு வாங்கி, சும்மாட்டைச் சரிசெய்து, மீண்டும் தலைக்கு மாற்றிக்கொள்ளும் உயரத்தில் அது நிற்கும். தோவாளைப் பூக்கூடையும் மணக்குடி மீன் கடவமும், கம்போளம் என்று உள்ளூரார் வழங்கும் கோட்டாற்றுச் சந்தைக்குத் தலைமேலேயே பயணம் செய்த காலத்தில், சாலையோரம் முழுவதும் சரக்குத்தளமாகவே இருந்தது எனலாம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாகக் குடும்பத்தார் இக்கல்லை நடுவது வழக்கமாக இருந்தது. அவள் இறக்கிவைக்க முடியாமல் போன சுமை, வழிப்போக்கர் ஒவ்வொருவரும் தம் சுமையை இறக்கும்போது சிறிது குறைகிறது என்று நம்பினார்கள். ஜெனரேட்டர் வைப்பதற்காக அந்தக் கல்லை யாரும் நகர்த்தியிருக்க மாட்டார்கள் என்பது உறுதி. சாலையை அகலப்படுத்துவதற்காக நகர்த்தியவர்கள் பிற்காலத்தவர்.

தலையிலிருந்து இறங்கிய சுமை இன்று மூன்று வகை வண்டிகளில் ஏறியிருக்கிறது. மலையை உடைத்துக் கல்லாகவும் மணலாகவும் கொண்டு செல்லும் பல அச்சுக் கனரக லாரி, எந்த நிறுவனம் செய்ததாயினும், கன்னியாகுமரி மாவட்டத்தில் டாரஸ் எனப்படும். அதைக் கண்டால் மற்றவை வழிவிடும் என்பதைத் தவிர இக்கட்டுரைக்கு அதனால் பயன் இல்லை. நடுத்தரமானது டெம்போ. மூன்றாவது, 2005ஆம் ஆண்டு டாடா நிறுவனம் ஏஸ் என்ற பெயரில் வெளியிட்டு, மக்கள் ‘குட்டி யானை’ என்று பெயர் மாற்றிக்கொண்ட சிறுவண்டி. முக்கால் டன் அளவிலான சுமைக்கென வடிவமைக்கப்பட்ட அதில், ஒரு வீட்டின் கட்டில், பீரோ, குளிர்பதனப் பெட்டி ஆகியவற்றோடு அவற்றைப் பிடித்துக்கொள்ள மூவரையும் ஏற்றும் முறை பின்னர் வளர்ந்தது.

இவ்வண்டிகள் எங்கே நிற்கலாம் என்று சட்டம் நேரடியாகச் சொல்வதில்லை. எங்கே நிற்கக் கூடாது என்பதை மட்டும் மனம் நிறையச் சொல்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 122ஆவது பிரிவு, பிறருக்கு ஆபத்தோ இடையூறோ விளையும்படி பொது இடத்தில் வண்டியை விட்டுச் செல்வதைத் தடுக்கிறது. 1989ஆம் ஆண்டுச் சாலை விதிகள் இதை விரித்து, சந்திப்பின் அருகில், வளைவில், நடைபாதையில், வேகமாக வண்டிகள் செல்லும் முதன்மைச் சாலையில், நிற்கும் இன்னொரு வண்டிக்கு இணையாக, எதிராக, பேருந்து நிறுத்தம், பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றின் வாசலில், பிறர் வளாகத்தின் நுழைவாயிலில் நிறுத்தக் கூடாது என்று அடுக்கின. 2017இல் அவற்றுக்கு மாற்றாக வந்த ஒழுங்குமுறைகளிலும் அந்த அடுக்குக் குறையவில்லை. நாகர்கோவிலில் வேப்பமூடு முதல் மணிமேடை வரையுள்ள பரப்பிலிருந்து இவற்றை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு போனால், சட்டப்படி டெம்போ நிறுத்தத் தகுந்ததாக எஞ்சும் முதல் இடம் புத்தேரிக் குளத்தின் நடுப்பகுதி என்றே தோன்றுகிறது.

பண்டைய ரோமாபுரி இச்சிக்கலை வேறு வழியில் தீர்க்க முயன்றது. கி.மு. முதல் நூற்றாண்டில் ஜூலியஸ் சீசரின் பெயரால் வழங்கிய நகராட்சிச் சட்டம், சூரியன் உதித்தது முதல் மாலை நெருங்கும் வரை நகருக்குள் சரக்கு வண்டிகளைத் தடை செய்தது. வண்டிகள் எல்லாம் இரவில் வந்தன, பகலில் நடக்க முடிந்த குடிமக்கள் இரவில் தூங்க முடியாமல் போயினர், ஜுவெனல் என்ற அங்கதக் கவிஞர் அதைக் கவிதையிலேயே சாடினார். கோயில் கட்டும் பொருள்களைக் கொண்டுவரும் வண்டிகளுக்குப் பகலிலும் விலக்கு இருந்தது. ஊர்ப் பெயரிலேயே கோயிலை வைத்திருக்கும் நாகர்கோவிலில் இந்த விலக்கை அளித்தால், டைல்ஸும் பெயின்ட்டும் மட்டுமல்லாமல், ஏர்கண்டிஷனரும் கோழித்தீவனமும்கூடக் கோயில் கணக்கில் பில் போடப்பட்டு வரும் என்பதால், அதைப் பரிந்துரைக்க இயலாது.

இனி, பின்னோக்கி வருதல். ஓட்டுநர், யாருக்கும் ஆபத்தும் தேவையற்ற இடையூறும் ஏற்படாது என்று உறுதிசெய்துகொண்ட பிறகே, அதுவும் வண்டியைத் திருப்பத் தேவையான அளவு மட்டுமே, பின்னோக்கி வரலாம் என்று 1989ஆம் ஆண்டு விதிகள் கூறின. ஆனால் சரக்கு ஏற்றிய டெம்போவில், ஓட்டுநரின் கண்ணுக்கும் இரு பக்கக் கண்ணாடிகளுக்கும் அகப்படாத ஒரு பகுதி வண்டியின் நேர்பின்னால் உண்டு; மறைபரப்பு எனப்படும் அப்பகுதியில் ஒரு சிறு பிள்ளை நின்றாலும் ஓட்டுநருக்குத் தெரியாது. ஆகவே வழிகாட்ட ஒருவர் வேண்டும், ஒருவர் மட்டுமே வேண்டும், அவர் கண்ணாடியில் எப்போதும் தெரிய வேண்டும், அவர் தெரியாமல் போன கணத்தில் வண்டியை நிறுத்த வேண்டும் என்பது தொழிற்பாதுகாப்பு நூல்களின் ஒருமித்த முடிவு. முன்பு இப்பணியைக் கிளீனர் செய்தார். வண்டியில் இடமும் கூலியில் மிச்சமும் இல்லாமற்போனதால் அவர் இறக்கிவிடப்பட்டார், அவருக்குப் பதிலாகத் தெரு முழுவதும் பொறுப்பேற்றுக்கொண்டது.

டெம்போவின் பின்விளக்கு எரிந்த அரை நிமிடத்துக்குள், கட்டடத்தின் செக்யூரிட்டி, எதிர்ச்சாரி டீக்கடையில் நின்றவர், வங்கிக்கு அவசரமாகப் போய்க்கொண்டிருந்தவர், அந்தச் செவ்வகத்துக்குள் தம் பைக்கை நிறுத்தியிருப்பதால் மற்ற மூவரையும்விட உண்மையான அக்கறை கொண்டவர் ஆகிய நால்வரும் திரண்டு, “பொறத்த வா, பொறத்த வா, எடம் கெடக்கு, லெஃப்ட்டு ஒடி, ஏ மக்கா, ரைட்டு ஒடி” என்று ஒரே நேரத்தில் வழிகாட்டுகிறார்கள். எடம் கெடக்கு என்பது இங்கு பத்தடி முதல் இரண்டு அங்குலம் வரை எந்த இடைவெளியையும் குறிக்கும். அதற்கும் கீழே போனால் பயன்படுத்தப்படுவது வாய்ச்சொல் அன்று, வண்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையால் ஓங்கி இரண்டு அடி. நால்வரும் நிற்பது பெரும்பாலும் மறைபரப்புக்குள்ளேயே என்பதால், எவரும் நிற்கக் கூடாத இடத்தில் எவரும் நிற்கவில்லை என்பதை அவர்களால் மிக அருகிலிருந்து உறுதிசெய்ய முடிகிறது.

களியக்காவிளைக்கு அப்பால் இதே பார்வைக்கு விலை இருந்தது. கேரளத்தில் தலைச்சுமைத் தொழிலாளருக்கென 1978இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டு, உழைப்பவருக்கு உரிய கூலியும் பாதுகாப்பும் பேசப்பட்டன. அதன் ஓரத்தில், பிறர் சரக்கை இறக்கும்போது தூக்காமல் பார்த்துக்கொண்டு நின்றதற்காகப் பெறப்படும் நோக்குகூலி என்ற வழக்கமும் தழைத்து, 2018 மே 1 முதல் அதைக் கைவிடும்படி அரசே அறிவிக்க வேண்டியதாயிற்று. 1956 நவம்பர் 1 வரை ஒரே நிர்வாகத்தின் கீழ் இருந்த இரு நிலப்பகுதிகள் பிரிந்தபோது, கூலி அந்தப் பக்கமும் நோக்கு இந்தப் பக்கமும் தங்கிவிட்டன போலும். நாகர்கோவிலில் பார்ப்பவர்கள் காசு கேட்பதில்லை. கேட்டிருந்தால் ஒருவரோடு நிறுத்திக்கொள்ளலாமே என்று ஓட்டுநர்கள் ஏங்குவது நியாயமே. உண்மையில் கூலிக்கு உரியவர்களான சுமைதூக்குவோர், ‘லிஃப்டில் சரக்கு ஏற்றக் கூடாது’ என்ற இன்னொரு பலகையின் கீழாக, இருபது லிட்டர் தண்ணீர்க் கேன்களைத் தோளில் வைத்து ஐந்தாம் மாடிக்குப் படியேறிக்கொண்டிருப்பார்கள். அவர்களை யாரும் பார்ப்பதில்லை.

துணைக்கருவிகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். பின்னோக்கி வரும்போது ஒலிக்கும் எச்சரிக்கை மணிக்குப் பதிலாகப் பல வண்டிகளில் பாட்டு வைத்திருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் மெட்டைப் பங்குனி வெயிலில் கேட்பவர்கள் விலகி வழிவிடாமல் யார் வீட்டு விசேஷம் என்று திரும்பிப் பார்க்கிறார்கள். சரிவில் சக்கரத்துக்கு அண்டை வைக்கும் கல், வண்டி போன பிறகு சாலையிலேயே கிடந்து இருசக்கர வண்டிக்காரருக்காகக் காத்திருக்கிறது. பழுதாகி நிற்கும் லாரியின் பின்னால், விதி கேட்கும் ஒளிரும் முக்கோணத்துக்குப் பதில் மரக்கொப்பு ஒன்று ஒடித்துச் செருகப்படுகிறது. இரவில் அது மரமாகவே தெரியும் என்பதுதான் அதன் ஒரே குறை.

பாதுகாப்பு நூல்கள் மிக வற்புறுத்தும் ஒன்று உண்டு: தளத்துக்குள் பின்னோக்கி நுழைந்து முன்னோக்கி வெளியேற வேண்டும், ஏனெனில் வெளியே இருப்பது ஓடும் சாலை. பார்சல் வண்டிக்காரர்களோ, அன்று மாலைக்குள் சேர்க்க வேண்டிய பெட்டிகளின் எண்ணிக்கை மனத்தில் இருப்பதால், கிடைத்த சந்தில் முன்னோக்கியே நுழைந்துவிடுகிறார்கள். வெளியேறும்போது கோர்ட் ரோட்டுக்குள் பின்னோக்கித்தான் வந்தாக வேண்டும், அதற்குள் நால்வரில் மூவர் கலைந்துபோயிருப்பார்கள். எஞ்சிய செக்யூரிட்டி விசிலை வாயில் வைத்துக்கொண்டு சாலையின் நடுவுக்கு வந்து, வடசேரி போகும் அரசுப் பேருந்தை நோக்கி ஒரு கையையும் டெம்போவை நோக்கி மறுகையையும் நீட்டுவார். எந்தக் கை நிறுத்தச் சொல்கிறது, எந்தக் கை வரச் சொல்கிறது என்று தெரியாமல் இரண்டும் நிற்க, பின்னால் ஹாரன்கள் பெருக, பேருந்தின் நடத்துநர் படிக்கட்டில் தொங்கியபடி, “வண்டிய எடும்வே!” என்று கூவுகிறார், தம்மைத்தான் சொல்கிறார் என்று எண்ணி இரண்டு ஓட்டுநர்களும் ஒரே நேரத்தில் எடுக்கிறார்கள்.