அபிராமபுரத்தைத் தாண்டாமல் முனைவர் ஆவது எப்படி?

மேலாண்மையில் முனைவர் பட்டம் வாங்கும் எண்ணம் அபிராமபுரத்தில் பெரும்பாலும் மாலை நடையின்போதுதான் வருகிறது. போன மாதம் வரை வெறும் 'சார்' ஆக இருந்த பக்கத்து பிளாட்காரரின் வாசல் பலகையில் இன்று புதிதாக ஒரு 'டாக்டர்' முளைத்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் வரும்போது உங்களுக்கும் லேசாக நமைச்சல் எடுத்திருக்கும். எடுக்கட்டும், தப்பில்லை. தொழில், தொழில்முனைவு, தொழில்நுட்பம் என்று எதில் ஆய்வு செய்தாலும் தொழில் செய்கிற ஒருவரையும் நெருங்கிப் பார்க்காமல் முடித்துவிட வழி இருக்கிறது. செயின்ட் மேரீஸ் சாலைக்கும் சி.பி. ராமசாமி சாலைக்கும் நடுவிலேயே வேலை ஆகிவிடும். மழைக்காலத்திலும் தடைப்படாது.

முதலில் தலைப்பு. இதற்கு நம் ஊரில் தொல்காப்பியத்துக்கு அடுத்தபடியாக உறுதியான இலக்கணம் ஒன்று உண்டு. முன்னால் 'ஓர் ஆய்வு' என்று வர வேண்டும், பின்னால் 'சென்னை மாநகரத்தைச் சிறப்பாகக் கருதி' என்று வர வேண்டும். நடுவில் எதையும் செருகலாம். சென்னை மாநகரம் எண்ணூரிலிருந்து செம்மஞ்சேரி வரை நீண்டு கிடக்கிறதே என்று மலைக்காதீர்கள். அந்தச் 'சிறப்பு' உங்கள் அடுக்ககத்து வாட்ஸப் குழுவிலேயே அடங்கிவிடும். இப்போதைக்கு 'சிறு வணிகர்களிடையே யுபிஐ ஏற்பு' என்று வைத்துக்கொள்வோம். 2016இல் வந்த யுபிஐயைப் பற்றி ஏற்கெனவே எழுதியிருப்பார்களே என்ற சந்தேகம் வந்தால், காந்திநகரில் இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் ஷோத்கங்கா தளத்தில் ஆய்வேடுகளைத் தேடிப் பாருங்கள். கோவைக்கும் சேலத்துக்கும் யாராவது எழுதியிருந்தால் மகிழ்ச்சி அடையுங்கள். ஊர்ப்பெயரை மாற்றினால் போதும், அதன் பெயர் 'ஆய்வு இடைவெளி'.

முதல் அத்தியாயத்தை 'ஆந்த்ரப்ரெனர் என்ற சொல் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது' என்று தொடங்குங்கள். எல்லாரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். மயிலாப்பூரில் நான்கு தலைமுறையாக மளிகைக்கடை வைத்திருப்பவரைப் பற்றி எழுதுவதானாலும் பாரிஸ் வழியாகத்தான் அவர் கடைக்குள் நுழைய வேண்டும்.

அடுத்தது மாதிரி. மாதிரி என்றால் அம்புக்குறி போட்ட நாலு பெட்டிகள். 1989இல் ஃப்ரெட் டேவிஸ் 'தொழில்நுட்ப ஏற்பு மாதிரி' என்று ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு கருவி தனக்குப் பயன்படும், எளிதாகவும் இருக்கும் என்று ஒருவருக்குத் தோன்றினால் அதை ஏற்றுக்கொள்வார் என்பது அதன் சாரம். பாட்டிக்கே தெரிந்த விஷயம் என்று அலட்சியம் வேண்டாம், பாட்டி அதற்கு அளவுகோல் செய்து தரவில்லை. டேவிஸ் செய்தார். கனடாவில் ஐபிஎம் ஊழியர்கள் அலுவலக மின்னஞ்சலைப் பற்றிச் சொன்ன பதில்களை வைத்துச் செய்தார். அந்தக் கேள்விகளைத் தமிழாக்கிச் செயின்ட் மேரீஸ் சாலை இஸ்திரி வண்டிக்கு எடுத்துச் செல்வதுதான் உங்கள் பங்களிப்பு.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்தக் கட்டத்தில் நான் செய்த பிழையை நீங்கள் செய்யாதீர்கள். தெரிந்த பையன் ஒருவனின் ஆய்வுக்கு உதவப் போய், எங்கள் தெரு இஸ்திரிக்காரரிடம் நானே வினாத்தாளோடு நின்றேன். 'இச்செயலி எனது பணித்திறனை மேம்படுத்துகிறது' என்று வாசித்துவிட்டு, முழுமையாக உடன்படுகிறேன் என்பதில் தொடங்கி முற்றிலும் மறுக்கிறேன் என்பது வரை ஐந்தையும் ஒப்பித்தேன். ரென்சிஸ் லிக்கர்ட் 1932இல் வகுத்த ஏணி அது.

இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு அவர் கேட்டார்: "எந்த நேரத்துல சார்?"

"நேரம்னா?"

"காலைல நல்லதுதான். சாயந்திரம் ஆவாது. தண்டல்காரரு வர்ற நேரம். அப்ப இந்த யுபிஐ பொட்டி அறுவது ரூபா எம்பது ரூபான்னு கத்துச்சுன்னா, வசூல் இருக்குதேன்னு இங்கியே உக்காந்துக்குவாரு. அதான் அஞ்சரைக்கு அமுத்திடுவேன். அதுக்கு மேல வந்தா காசாதான் வாங்கிக்கிறது."

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அவர் மேலும் சொன்னார். முன்பெல்லாம் ஏழு உருப்படிக்கு எண்பத்து நாலு ரூபாய் ஆனால், சில்லறை இல்லாமல் மாமி தொண்ணூறாகக் கொடுத்துவிட்டுப் போவாராம். இப்போது எண்பத்து நாலு என்றால் எண்பத்து நாலேதான் வருகிறதாம். மாசத்துக்கு ஒரு மூட்டைக் கரிக்காசு அதில் போகிறது என்றார். கணக்கு மகள் பெயரில் இருப்பதால் பணத்தை எடுக்க அவளுடைய தயவும் தேவைப்படுகிறது. நான் ஐந்து கட்டங்களையும் பார்த்தேன். 'காலையில் உடன்படுகிறேன், தண்டல்காரர் வரும் நேரத்தில் மறுக்கிறேன்' என்பதற்கு அதில் இடமில்லை. மூன்றில் டிக் அடித்தேன். மூன்று என்றால் 'கருத்தில்லை'.

ஆகவே நேரில் போகாதீர்கள். போனால் மனிதர்கள் பேசிவிடுவார்கள். பேசியதை எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் எந்த நெடுவரிசையில் போடுவது?

எத்தனை பேரிடம் கேட்பது என்ற கவலை வேண்டாம். விடை 384. கிரெஜ்சி, மார்கன் என்ற இருவர் 1970இல் வெளியிட்ட அட்டவணையில், மக்கள்தொகை எழுபத்தையாயிரமாக இருந்தால் 382, பத்து லட்சமாக இருந்தால் 384. அதற்கு மேல் ஆள் எவ்வளவு பெருகினாலும் எண் அசைவதில்லை. சென்னைக்கும் 384தான், சீனாவுக்கும் 384தான். உண்மையில் அந்தக் கணக்கு, யாரை வேண்டுமானாலும் குலுக்கலில் எடுக்க முடிந்தால்தான் செல்லும். அந்த வரியை யாரும் படிப்பதில்லை, நீங்களும் படிக்க வேண்டாம். கைக்கு எட்டியவர்களைப் பிடிப்பதற்கு 'வசதி மாதிரி' என்று பாடப்புத்தகத்திலேயே பெயர் இருக்கிறது. யாருடைய வசதி என்று புத்தகம் கேட்பதில்லை.

மிக வசதியானவர்கள் பி.காம். மாணவர்கள். வகுப்பு முடியும் மணிக்குப் பத்து நிமிடம் முன்பாக வினாத்தாளைக் கொடுத்தால், மணி அடிக்கும்போது எல்லாம் திரும்பி வந்துவிடும். ஒருவன் மேலிருந்து கீழ்வரை நாலிலேயே டிக் அடித்திருப்பான், பக்கத்தில் இருப்பவன் இரண்டிலேயே அடித்திருப்பான். பதறாதீர்கள். லீ கிரான்பாக் 1951இல் தந்த 'ஆல்ஃபா' என்ற நம்பகக் குறியீடு, கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்றுதான் பார்க்கும். படித்துப் பார்த்தார்களா என்பது அதன் இலாகா இல்லை. 0.7 வந்தால் தேர்ச்சி என்பது வழக்கம். இப்படி நேர்கோட்டில் டிக் அடித்தால் கிட்டத்தட்ட 1 வரும். கவனமாகப் படித்துப் பதில் சொன்னவர்கள்தான் ஆல்ஃபாவைக் கெடுப்பார்கள். எதிர்மறையாகத் திருப்பிப் போட்ட கேள்வி ஒன்றை நடுவில் வைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். வைக்காதீர்கள்.

384ஐயும் தானே உட்கார்ந்து நிரப்பிவிடும் துணிச்சல்காரர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு பாடம். படிவத்தின் கடைசியில் கையெழுத்து வாங்காமல் தலைப்பிலேயே வாங்கினால் மக்கள் உண்மை சொல்வார்கள் என்று 2012இல் புகழ்பெற்ற ஆய்விதழ் ஒன்றில் கட்டுரை வந்தது. கார் காப்பீட்டுக்காரர்கள் வண்டி ஓடிய மைல்களைச் சொன்ன விவரம் அதன் சான்றுகளில் ஒன்று. 2021இல் டேட்டா கொலாடா என்ற குழு அந்த எக்செல் கோப்பைத் திறந்து பார்த்தது. ஓடிய மைல்கள் பூஜ்யத்திலிருந்து ஐம்பதாயிரம் வரை ஒரே சீராகப் பரவிக் கிடந்தன. நிஜத்தில் எந்த ஊர் வண்டியும் அப்படி ஓடாது. அதைவிடக் கூத்து, எண்களில் பாதி காலிப்ரி எழுத்துருவிலும் பாதி கேம்ப்ரியாவிலும் இருந்தன. நேர்மையைப் பற்றிய அந்தக் கட்டுரை அதே ஆண்டு திரும்பப் பெறப்பட்டது. இதிலிருந்து நாம் கற்க வேண்டியது, எழுத்துருவை மாற்றாதீர்கள் என்பதே.

இடையில் உங்கள் வழிகாட்டி, பழைய காலத்தவராக இருந்தால், ஜேம்ஸ் பெர்னா என்ற பெயரை எடுக்கக்கூடும். உடனே பேச்சை மாற்றுங்கள். ஏசு சபையைச் சேர்ந்த இவர் செய்ததைக் கேட்டால் நம் தொழிலுக்கே ஆபத்து. சென்னையிலும் கோயம்புத்தூரிலுமாக 52 நடுத்தரப் பொறியியல் நிறுவனங்களை எடுத்துக்கொண்டு, அவற்றைத் தொடங்கியவர்களின் கதையைத் துருவினார். அப்பா என்ன செய்தார், முதல் பணம் யாரிடமிருந்து வந்தது, வேலையை எங்கே கற்றார் என்று. 'சென்னை மாநிலத்தில் தொழில்முனைவு' பற்றிய அவரது ஆங்கில நூல் 1960இல் வந்தது. தொழில் நடத்துவது குறிப்பிட்ட சில சாதிகளின் ரத்தத்தில் இருக்கிறது என்று உலகமே ஓதிக்கொண்டிருந்தபோது, பல சாதியினரும் பல பழைய தொழில்காரர்களும் பட்டறை முதலாளிகளாகியிருப்பதை அவர் காட்டினார். குலத்தைவிட, முதலும் அனுபவமும் தொழில்நுட்ப அறிவும் கைக்கு எட்டினவா என்பதே பெரிதாக இருந்தது. 52 என்பது 384இல் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குதான். இன்றைக்கு ஆய்வுக் குழுவின் முன் வைத்தால் மாதிரி போதாது என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள். அறுபத்தைந்து ஆண்டு கழித்தும் தமிழ்நாட்டுத் தொழில்முனைவைப் பற்றிப் பேசினால் பெர்னாவில் போய் நிற்க வேண்டியிருக்கிறது என்பது வேறு விஷயம்.

இதே கெட்ட பழக்கம் வேறு சிலருக்கும் இருந்தது. கோவையில் பிறந்து லயோலாவில் இயற்பியல் படித்த சி.கே. பிரஹலாத், மேலாண்மைக்குப் போகுமுன் சென்னையில் யூனியன் கார்பைடின் பேட்டரி ஆலையில் வேலை பார்த்தார். அங்கே தொழிலாளர்களிடமிருந்து கற்றதைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். மதுரையில் ஓய்வுபெற்ற கண் மருத்துவர் வெங்கடசாமி 1976இல் பதினோரு படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றி, 1993இல் ஹார்வர்டின் கஸ்தூரி ரங்கன் ஒரு 'கேஸ்' எழுதினார். உலகம் முழுக்க எம்பிஏ வகுப்புகளில் அதை இன்னும் நடத்துகிறார்கள். பாஸ்டனிலிருந்து அதைப் படிக்கிறார்கள் என்றால், எழும்பூரில் இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியற்காலை மதுரையில் இறங்கிவிடக்கூடிய நாம் என்ன செய்ய வேண்டும்? வீட்டிலிருந்து கூகுள் ஃபார்ம் அனுப்ப வேண்டும்.

எழுதும் வேலைக்கு வருவோம். காப்பிக்கு அஞ்ச வேண்டாம், விதியை அறிந்தால் போதும். யுஜிசியின் 2018 விதிப்படி ஒப்புமை பத்து சதவீதம் வரை தண்டனை இல்லை, அறுபதைத் தாண்டினால் பதிவே ரத்து. பொதுவான சொற்றொடர்கள் தற்செயலாகப் பதினாலு சொல் வரை அடுத்தடுத்து ஒத்துப்போனால் கணக்கில் வராது. பதினாலு சொல்! நம் ஊர் ஆய்வேடுகளில் பதினைந்தாவது சொல்லாக 'ஆகவே' ஏன் இத்தனை முறை வருகிறது என்று எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

கட்டுரை வெளியிடுவது முன்பு கட்டாயம், 2022 விதி அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. ஆனாலும் 'பெருமதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களே' என்று அழைத்துக் கட்டணம் கேட்கும் இதழ்கள் உங்களைக் கைவிடாது. 2013இல் ஜான் பொஹானன் என்ற செய்தியாளர், வேண்டுமென்றே ஓட்டை வைத்த போலி மருத்துவக் கட்டுரையை 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. அவற்றில் பல நம் நாட்டு முகவரி. உங்கள் கட்டுரையில் ஓட்டை தானாகவே இருக்கும் என்பதால் வாய்ப்பு இன்னும் பிரகாசம்.

கடைசி அத்தியாயத்தில் பரிந்துரைகள் வர வேண்டும். 'அரசு கூடுதல் கவனம் செலுத்த வேண்டும்', 'விழிப்புணர்வு முகாம்கள் நடத்தப்பட வேண்டும்' என்ற இரண்டும் எந்த ஆய்வுக்கும் பொருந்தும். குறைபாடுகள் என்ற தலைப்பில் காலமும் பணமும் போதவில்லை என்று எழுதுங்கள். கால் போகவில்லை என்று எழுதும் வழக்கம் இல்லை.

வாய்மொழித் தேர்வுக்குக் கேசரி, போண்டா, நல்ல டிகாக்‌ஷன் காபி. வெளியூர்த் தேர்வாளர் 'இதனால் சமூகத்துக்கு என்ன பயன்?' என்று நிச்சயம் கேட்பார். 'கொள்கை வகுப்போருக்கு உதவும்' என்று சொல்லிவிட்டுக் கேசரித் தட்டை நகர்த்துங்கள். ஆய்வேட்டுக்கு ரெக்சின் அட்டையும் தங்க எழுத்தும் போதும், பெயருக்கு முன்னால் டாக்டர் போட இடம் விட்டுப் பலகை சொல்லிவையுங்கள்.

பட்டமளிப்பு விழாவுக்குக் கோட்டு வேண்டும். எங்கள் தெரு இஸ்திரி வண்டியிலேயே கொடுக்கலாம், கச்சிதமாகப் போட்டுத் தருவார். ஞாயிற்றுக்கிழமை வரமாட்டார், சனிக்கிழமையே கொடுத்துவிடுங்கள். கோட்டுக்குத் தனி ரேட். வாங்கப் போக ஐந்தரை தாண்டிவிட்டதென்றால் மறக்காமல் காசாக எடுத்துப் போங்கள், பெட்டியை அமுக்கியிருப்பார்.