வரி கேட்டால் ஏணி இருக்காது

"இவங்க நாட்டைப் படுக்கப் போடாம நிக்க வச்சுட்டாங்க" என்றாள் என் மனைவி. நார்வேயின் கெய்ராங்கர் ஃபியோர்டைப் பற்றி இதைவிடச் சுருக்கமான பூகோளப் பாடம் கிடையாது. 15 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடல் உள்ளே வந்து வளைந்து கிடக்கிறது. இரண்டு பக்கமும் மலை, தண்ணீரிலிருந்து நேரே எழுந்து நிற்கிறது. கால் வைக்க இடமில்லை.

பனியுகத்தில் பெரிய பனியாறு ஒன்று இந்தப் பள்ளத்தாக்கை ஆழமாக அறுத்துக்கொண்டு போனது. பக்கத்துச் சின்னப் பனியாறுகள் அண்ணன் அளவுக்கு உழைக்கவில்லை; மேலோட்டமாகச் சுரண்டியதோடு நிறுத்திக்கொண்டன. பனி உருகிக் கடல் புகுந்தபோது, தம்பிகளின் பள்ளத்தாக்குகள் உயரத்திலேயே தொங்கின. அங்கிருந்து வரும் தண்ணீருக்குக் குதிப்பதைத் தவிர வேறு வழியில்லை. 2005இல் யுனெஸ்கோ இந்த இடத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சோம்பலுக்கு இவ்வளவு பெரிய மரியாதை வேறெங்கும் கிடைத்ததில்லை.

குதிப்பவர்களில் பிரபலமானவர்கள் 'ஏழு சகோதரிகள்'. சுமார் 250 மீட்டர் உயரத்திலிருந்து அடுத்தடுத்து விழும் ஏழு அருவிகள். எதிர்க்கரையில் தனியாக ஓர் அருவி. பெயர் 'பெண் கேட்பவன்'. ஏழு பேரையும் கேட்டுப் பார்த்தானாம், ஏழு பேரும் மாட்டேன் என்றதும் குடியில் இறங்கிவிட்டானாம். அந்த அருவியில் பாட்டில் வடிவம் தெரியும் என்று காட்டுகிறார்கள். படகிலிருந்த ஆண்களுக்கெல்லாம் அது உடனே தெரிந்தது. பெண்கள் ஒருவருக்கும் கடைசிவரை தெரியவில்லை.

அருவிகளைவிட எனக்கு வியப்பளித்தது அவற்றுக்குப் பக்கத்தில் குடித்தனம் நடத்திய மனிதர்கள்தான். ஸ்காகெஃப்ளோ என்ற பண்ணைவீடு கடலுக்கு மேலே சுமார் 250 மீட்டர் உயரத்தில், ஒரு பாறை விளிம்பில் இருக்கிறது. விளையாடும் குழந்தைகள் கீழே விழாதபடி இடுப்பில் கயிறு கட்டி விடுவார்களாம். வீட்டுக்குப் போகும் பாதையில் ஓரிடத்தில் ஏணி. வரி வசூலிப்பவர் வருகிறார் என்று தெரிந்தால் அதை மேலே இழுத்துவிடுவார்கள் என்பது ஊர்க்கதை. பட்டயக் கணக்காளர் பலரைக் கலந்தாலோசித்திருக்கிறேன். இவ்வளவு தெளிவான வரித் திட்டமிடலை எவரும் சொன்னதில்லை.

1916இல் அங்கிருந்தவர்கள் இறங்கிப் போய்விட்டார்கள். பிறகு 1993இல் மன்னர் ஹரால்டும் அரசி சோன்யாவும் தங்கள் 25ஆவது திருமண நாளை அங்கே கொண்டாடினார்கள். இதைத் தகவலாகத்தான் மனைவியிடம் சொன்னேன். "நம்ம இருபத்தஞ்சுக்கு நீங்க மொட்டை மாடிக்குக்கூடக் கூட்டிட்டுப் போகலையே" என்றாள். வரலாற்றை மனைவியிடம் பார்த்துத்தான் பேச வேண்டும்.

ஃபியோர்டின் முனையில் கெய்ராங்கர் கிராமம். நிரந்தரமாக வசிப்பவர்கள் சுமார் 250 பேர். கோடையில் ஒரே ஒரு பெரிய கப்பல் வந்து நின்றால் ஆயிரக்கணக்கானவர்கள் இறங்குகிறார்கள். உள்ளூர்க்காரர் ஒருவருக்குப் பத்துப் பதினைந்து விருந்தாளி. யாரும் பதறுவதில்லை. கம்பளிச் சட்டை விற்கிறார்கள், காப்பி விற்கிறார்கள். காப்பியின் விலையைக் கேட்டதும் குளிர் விட்டுப்போகிறது.

கிராமத்தின் நடுவே ஸ்டூர்ஃபோஸன் அருவி இறங்குகிறது. அதை ஒட்டியே மேலே ஏறப் படிகள் அமைத்திருக்கிறார்கள், மொத்தம் 327. அருவியை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்க வேண்டியதில்லை. அதன் தோளிலேயே கைபோட்டுக்கொண்டு ஏறலாம். சாரல் முகத்தில் அடிக்கிறது. இரைச்சலில் மனைவி சொல்வது எதுவும் காதில் விழவில்லை. இடையிடையே நின்று பார்க்க மேடைகள் உண்டு. இயற்கையை ரசிப்பவர்களும் மூச்சு வாங்குபவர்களும் வித்தியாசம் தெரியாமல் அங்கே ஒன்றாக நிற்கலாம். நான் ஒவ்வொரு மேடையிலும் இயற்கையை ஆழ்ந்து ரசித்தேன். என்னைத் தாண்டி ஒரு நார்வே மூதாட்டி ஏறிப் போனார். சற்று நேரத்தில் இறங்கி வந்தார். மறுபடி ஏறினார்.

படிகளின் உச்சியில் ஃபியோர்டு மையம் என்ற காட்சியகம். அங்கே போன பிறகுதான் ஊரின் இன்னொரு கதை உறைக்கிறது. சற்றுத் தள்ளி ஓகெர்னேசெட் என்ற மலைச்சரிவில் ஒரு விரிசல் மெல்ல அகன்றுகொண்டே வருகிறது. அந்தப் பாறை சரிந்து கடலில் விழுந்தால் பேரலை சுமார் பத்து நிமிடத்தில் கிராமத்தை எட்டும். இதை வைத்து 2015இல் ஒரு திரைப்படமே வந்துவிட்டது. நிஜத்தில் கருவிகள் இரவும் பகலும் அந்த மலையைக் கண்காணிக்கின்றன. அபாயமணி ஒலித்தால் எல்லோரும் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும்.

"பத்து நிமிஷத்துல நீங்க மூணாவது மேடையில இயற்கையை ரசிச்சுட்டு இருப்பீங்க" என்றாள் மனைவி. அருவி சற்றுத் தள்ளியிருந்ததால் இது மட்டும் தெளிவாகக் கேட்டது.

கெய்ராங்கர் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கப்பலின் மாடத்திலிருந்து படமெடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள், பேருந்தையும் நம்பாதீர்கள். மழைச்சட்டை போட்டுக்கொண்டு படியேறுங்கள். காட்டிலும் மலையிலும் எவரும் சுதந்திரமாக நடக்கலாம் என்று 1957ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்ட நாடு அது. படிகளுக்கும் கட்டணம் கிடையாது. நார்வேயில் காசில்லாமல் கிடைப்பது ஏற்றம் ஒன்றுதான்; வேண்டிய மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.