ஜனவரியில் ஓடாத ஆலை

ரோட்டரிக்காரர்கள் 1965 முதல் 2013 வரை 'குழு ஆய்வுப் பரிமாற்றம்' என்று ஒன்றை நடத்திவந்தார்கள். சங்கத்தில் உறுப்பினராக இல்லாத, இருபத்தைந்திலிருந்து நாற்பது வயதுக்குள் ஏதாவது உத்தியோகத்தில் இருக்கிற நாலைந்து பேரைப் பொறுக்கியெடுத்து, ஒரு ரோட்டரிப் பெரியவரைத் தலைவராகப் போட்டு வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். தங்குவது ஹோட்டலில் அல்ல, உள்ளூர்க்காரர்களின் வீடுகளில். பகலில் அவரவர் தொழிலை அங்கே எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். மாலையானால் மேடையேறி நம் பண்பாட்டை எடுத்துச் சொல்ல வேண்டும். 2006-ல் இப்படி மொரிஷியஸ் போன குழுவில் அடியேனும் உண்டு. பண்பாடு, தொழில் இரண்டையும் பரிமாறிவிட்டு வரச் சொன்னார்கள். இரண்டிலும் நான் கிழித்ததைச் சொல்கிறேன்.

முதலில் தொழில். நான் ஒரு சர்க்கரை ஆலையில் லேப் கெமிஸ்ட். சாறு, பாகு, மொலாசஸ் என்று எது வந்தாலும் பிரிக்ஸ் (சர்க்கரை அடர்த்தி) பார்த்து, பியூரிட்டி கணக்குப் போட்டு ரிஜிஸ்டரில் எழுதுகிற வேலை. கிளம்புவதற்கு வெகு நாள் முன்பே குழுத்தலைவர் போன் போட்டார்.

"தம்பி, நீங்கதான் சர்க்கரை ஆளு. எந்த மாசம் போனா அங்க ஆலை ஓடுறதைப் பாக்கலாம்?"

"ஜனவரி, பிப்ரவரி போட்டுருங்க சார். அரவை உச்சத்துல இருக்கும்."

நம் ஊருக்கு அது சரிதான். மொரிஷியஸ் பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கிறது. அங்கே அரவை ஜூன் வாக்கில் தொடங்கி டிசம்பரோடு முடிந்துவிடும். ஆறாம் வகுப்புப் பூகோளம் இது. அதை நான் உணர்ந்தது, நாங்கள் பார்க்கப் போன ஆலையின் வாசலில், கரும்பு லாரி ஒன்றுகூட நிற்காத வெறும் யார்டைப் பார்த்தபோது. உள்ளே மில் ரோலர்களைக் கழற்றிப் பல்லுக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தார்கள். பாய்லருக்குள் ஆள் இறங்கியிருந்தார். எவாப்பரேட்டர் குழாய்களில் படிந்திருந்ததை ஒருவர் சுரண்டிக்கொண்டிருந்தார். எண்ணெயும் துருவும்தான் மணந்தன, கரும்பு வாசனை மருந்துக்கும் இல்லை. ஊரிலிருந்து பத்திரமாகத் துணி சுற்றி எடுத்துப்போன, பிரிக்ஸ் பார்க்கும் கைரிஃப்ராக்டோமீட்டர் என் பையில் கிடந்தது. அளப்பதற்கு ஒரு சொட்டுச் சாறு இல்லை. சும்மா இருப்பானேன் என்று அவர்கள் கொடுத்த டீயை அளந்தேன். சுற்றிக்காட்ட வந்த இன்ஜினியர் மரியாதைக்காக அளவு என்ன என்று கேட்டார்.

அவருடைய மரியாதைக்கு நான் செய்த கைம்மாறு, சக்கையை எரித்து மின்சாரம் எடுப்பதைப் பற்றி ஒரு சிற்றுரை. எங்கள் ஆலையிலும் அது கூடிய சீக்கிரம் வரப்போகிறது என்று பெருமையாகச் சொல்லிவைத்தேன். அவர் ஜன்னல் வழியாகக் கை காட்டினார். பக்கத்திலேயே மின்நிலையம். அரவைக் காலத்தில் சக்கை, மற்ற மாதங்களில் நிலக்கரி. வருஷம் முழுக்க அரசு கிரிட்டுக்கு மின்சாரம் போகிறது. கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போனவனாவது ஊசி கொண்டுபோயிருப்பான்.

அன்று இரவு விருந்தில் பேச்சு ஐரோப்பியச் சர்க்கரை விலையைப் பற்றித் திரும்பியது. 1975 முதல் ஐரோப்பா இந்தத் தீவின் சர்க்கரையை உத்தரவாத விலைக்கு எடுத்துக்கொண்டிருந்தது. அந்த விலையை நான்கு ஆண்டுகளில் 36 சதவீதம் குறைப்பதென்று சில வாரங்களுக்கு முன்புதான் அங்கே முடிவாகியிருந்தது. ஆலைகளை மூடுவார்கள், ஆட்குறைப்பு வரும் என்று மேஜையைச் சுற்றி எல்லோர் முகத்திலும் கவலை. எனக்கு இந்தச் செய்தியே அப்போதுதான் தெரியும். "இந்தியாவில் இருந்து பார்க்கும்போது உங்கள் கருத்து என்ன?" என்று என்னைக் கேட்டார்கள். "சர்க்கரைக்கு எப்போதும் தேவை இருக்கும்" என்றேன். ஒரு அம்மா எனக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டார்.

ஆலையைப் பற்றிப் பேசியது போதாதென்று வயலுக்கும் போனேன். தீவு முழுக்க எரிமலைக் கல். கரும்புக்கு நடுவே கருங்கற்களைப் படிப்படியாக அடுக்கிய பிரமிடு மாதிரிக் குவியல்கள் ஆங்காங்கே நிற்கும். வேன் நின்றதும் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு குவியலின் முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். எந்தச் சாமி என்று கேட்டேன். சாமி இல்லையாம். நிலத்தைத் திருத்தியபோது ஒப்பந்தக் கூலிகள் கையால் பொறுக்கி ஓரங்கட்டிய கற்களாம். 1834 முதல் கப்பலில் கொண்டுவந்து போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் இறக்கப்பட்ட லட்சக்கணக்கானவர்கள். அவர்கள் ஏறிவந்த கல்படிகள் 'ஆப்ரவாசி காட்' என்ற பெயரில் இன்றும் இருக்கின்றன. நாங்கள் போய்வந்த சில மாதத்தில் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. கும்பிட்டது ஒன்றும் தப்பில்லை என்று இப்போது தோன்றுகிறது. அப்போது வேனுக்குள் எல்லோரும் சிரித்தார்கள்.

இனி பண்பாடு. இதற்கென்று எங்களுக்கு நேவி ப்ளூ பிளேசர் தைத்திருந்தார்கள். ஜனவரி அங்கே உச்சிக் கோடை. பிளேசரின் உள்துணி சாயம் போய், மேடையில் கையைத் தூக்கி வணக்கம் சொன்னபோது சட்டையின் அக்குளில் இந்தியப் பெருங்கடல் தெரிந்தது. பேச்சில் ஒரு வரி எழுதிவைத்திருந்தேன்: தமிழ்க் கைவினையும் தமிழ்த் தொழில்திறனும் இந்தத் தீவுக்கு அறிமுகமாகும் இந்த நன்னாளில், என்று. பேசி முடித்ததும் ஒரு பெரியவர் எழுந்தார். 1730-களில் பிரெஞ்சுக்காரர்கள் போர்ட் லூயிஸைக் கட்டுவதற்குப் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கொத்தனார்களையும் தச்சர்களையும் கூட்டிவந்தார்கள் என்று நல்ல ஆங்கிலத்தில், சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். தமிழை மறந்துவிடாதீர்கள் என்று வேறு கேட்டுக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர் பர்ஸைத் திறந்து மொரிஷியஸ் ரூபாய் நோட்டு ஒன்றைக் காட்டினார். ஆங்கிலம், அதற்கடுத்துத் தமிழ், அதற்கும் கீழே இந்தி. 1998-ல் புது நோட்டில் இந்தியைத் தமிழுக்கு மேலே ஏற்றியபோது போராட்டம் செய்து, அந்த நோட்டுகளையே திரும்பப் பெறவைத்தவர்கள் இந்தத் தீவுத் தமிழர்கள். வீட்டில் பேசுவது கிரியோல். எனக்கோ தமிழ் மட்டும்தான் நன்றாக வரும், அதிலும் கடிதம் எழுதினால் சந்திப் பிழை.

கடற்கரையில் அந்தத் தீவின் சேகா நடனம் ஆடினோம். ரவான் என்கிற ஆட்டுத்தோல் பறையை நெருப்பில் காய்ச்சிவிட்டு அடிப்பார்கள். அதைப் பார்த்ததும் நம்ம ஊர்ச் சங்கதி என்று எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. சேகாவில் பாதம் தரையைவிட்டு எழும்பக் கூடாது, இடுப்புதான் ஆட வேண்டும். நான் அறிந்த ஒரே நடனத்தில் இடுப்புக்கு வேலையில்லை, கால்தான் எல்லாம். நான் கிளப்பிய மணல் பக்கத்து மேஜை மீன் தட்டு வரைக்கும் போனது.

மாதம் தவறியதில் ஒரு லாபம், தைப்பூசம் கிடைத்தது. அங்கே அது அரசு விடுமுறை. நான் தங்கிய வீட்டுக்காரர் காவடி எடுக்கிறவர், என் வயதுதான், அவரும் சர்க்கரை ஆலையில்தான் வேலை. பத்து நாள் விரதம். வீட்டில் மீன் வாசனை கூடாது. எனக்கு மூன்றாம் நாளே நாக்கு செத்துவிட்டது. போர்ட் லூயிஸ் சந்தைக்குப் பக்கத்தில் கடுகும் மஞ்சளும் போட்டு ஆக்கிய ஆக்டோபஸ் வின்தாயை ரொட்டிக்குள் வைத்துக் கொடுப்பார்கள். பழனியிருக்கும் நாட்டிலிருந்து வந்த பண்பாட்டுத் தூதன், வாயெல்லாம் மஞ்சளாக அதைக் கடித்துக்கொண்டு நின்றபோது, எதிர்க் கடையில் வீட்டுக்காரர் காவடிக்குச் சரிகைக் காகிதம் வாங்கிக்கொண்டிருந்தார். பார்த்தார். தலையசைத்தார். சாயங்காலம் வீட்டில் எதையும் கேட்கவில்லை. அவருடைய அம்மா மட்டும் ராத்திரி எனக்கு ரசம் கொஞ்சம் கூடுதலாக ஊற்றினார், ஜீரணத்துக்கு.

பூசத்தன்று கோர் தெ கார்த் மலைச்சரிவில் இருக்கும் முருகன் கோவிலுக்கு நடந்தோம். நாக்கில் வேல், முதுகில் ஊசிகள், தலைக்கு மேல் பூ வளைவு என்று வீட்டுக்காரர் வெயிலில் போகிறார். நான் குடை பிடித்துக்கொண்டு பின்னால். வழியெல்லாம் கூட்டம் பதிகம் பாடிவந்தது. தமிழ்ப் பாட்டை ரோமன் எழுத்தில் அச்சடித்த சிறு புத்தகம் எல்லோர் கையிலும் இருந்தது. எனக்கும் ஒன்று கொடுத்து, நீங்கள் எடுத்துக்கொடுங்கள், உங்கள் உச்சரிப்பு சுத்தமாக இருக்குமே என்றார்கள். அந்த ரோமன் எழுத்து எனக்குப் பிடிபடவில்லை, பாட்டும் தெரியாது. வாயை மட்டும் அசைத்தேன். என்னைப் பார்த்துப் பாட நின்ற சின்னப் பையன் குழம்பிப்போய் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

அந்த ஆண்டு மொரிஷியஸிலும் நம் ஊரிலும் ஒருசேரப் பரவியது சிக்குன்குனியா. கடல் கடந்து உருப்படியாக நடந்த பரிமாற்றம் அது ஒன்றுதான். அதற்கு நான் பொறுப்பல்ல.

பிற்பாடு அந்த வீட்டுக்காரர் சொந்தச் செலவில் இங்கே வந்தார். பழனி பார்க்க வேண்டும் என்றார். அடிவாரத்தில் என் முட்டியைக் காரணம் காட்டி நான் வின்ச்சுக்கு நின்றேன், அவர் படியேறினார். வின்ச்சில் விடுமுறைக் கூட்டம். நான் மேலே போய்ச் சேர்ந்தபோது அவர் தரிசனம் முடித்து, பஞ்சாமிர்த டப்பாவைத் திறந்து விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃப்ரிட்ஜில் வைக்காமல் எப்படிக் கெடாமல் இருக்கிறது என்று கேட்டார். சர்க்கரை அடர்த்திதான் என்றேன். சர்க்கரைக்காரர் அல்லவா, பிரிக்ஸ் எவ்வளவு இருக்கும் என்றார்.

"எழுபத்தஞ்சு" என்றேன். நான் அளந்து பார்த்ததே இல்லை. அவர் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார்.